'வள்ளி' என்று பெயர் வைக்கலாமா? கிழங்குக் குழியில் பிறந்த ஒரு பெயரின் கதை

பிறந்து இருபது நாளே ஆன பெண் குழந்தைக்குத் தன் ஆச்சியின் பெயரான 'வள்ளி'யை வைக்க ஒரு தாய் ஆசைப்படுகிறார். வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகத் தடை சொல்கிறார்களாம். "வள்ளி என்றால் கொடி. கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும், பிள்ளை காலம் முழுக்க யாரையாவது பற்றிக்கொண்டுதான் நிற்கும்" என்பது மாமியாரின் பயம். "அது இளைய தாரத்தின் பெயர், வேண்டாம்" என்பது நாத்தனாரின் பேச்சு. "அது தமிழ்ப் பெயரே இல்லை, வல்லி என்ற வடசொல்" என்று கொழுந்தனார் சொல்லிவிட்டாராம். இந்தப் பெயருக்கு உண்மையான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, தாராளமாக வையுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே.

கொடியிலிருந்தே தொடங்குவோம். வள்ளி என்றால் கொடி என்பது சரிதான். மலையாளத்தில் இன்றும் வள்ளி என்றால் கொடி. கன்னடத்திலும் வகரம் பகரமாகி அதே சொல் கொடியைக் குறிக்கிறது. ஆனால் முல்லையும் கொடிதான், அவரையும் கொடிதான். அவற்றை நாம் வள்ளி என்று சொல்வதில்லை. நம் பேச்சில் வள்ளி என்றாலே பின்னால் கிழங்கு வந்து ஒட்டிக்கொள்ளும். மலைக்காட்டில் புதரைச் சுற்றி ஏறி, மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் கொடிதான் பழைய வள்ளி.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டுக் கிடந்தபோது கபிலர் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது, 109ஆம் பாட்டு. நீங்கள் எத்தனை நாள் வளைத்துக்கொண்டு நின்றாலும் இந்த மலை பட்டினி கிடக்காது, உழவர் உழாமலே நான்கு பொருள் இங்கே விளைகிறது என்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், மலைத்தேன், இவற்றோடு மூன்றாவதாக அவர் எண்ணுவது "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே" என்று. கொடியை ஒரு அடைமொழியோடு முடித்துவிட்டு, ஊருக்குச் சோறு போடும் பொருளாக அவர் எண்ணுவது கிழங்கைத்தான். வேந்தர் மூவர் வந்து வளைத்தாலும் ஒரு மலையைத் தாங்கி நிறுத்தும் உணவுகளில் ஒன்றின் பெயரைத்தான் உங்கள் ஆச்சி சுமந்திருக்கிறார்.

நாம் இன்றைக்கு அவித்துத் தின்கிற சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் கபிலர் காலத்தில் இங்கே கிடையாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. புதிதாக வந்த கிழங்குகளுக்குப் பெயர் வேண்டியிருந்தபோது நம் ஆட்கள் வெகு இயல்பாக, இனிப்பானதைச் சர்க்கரைவள்ளி என்றும், குச்சி நட்டு மரம்போல வளர்வதை மரவள்ளி என்றும் கூப்பிட்டுவிட்டார்கள். மரவள்ளி கொடியே கிடையாது பாருங்கள். கொடியாக இல்லாத ஒன்றுக்கும் வள்ளி என்ற பெயர் பொருந்தியது என்றால், அந்தச் சொல்லில் நம் மக்கள் கேட்டது கிழங்கைத்தான்.

பல வருடங்களுக்கு முன்பு பாபநாசம் மலையில் ஒரு காணிக்காரர் காட்டுக்கிழங்கு தோண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தை மாதக் கடைசி. என் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. முள்ளுப் புதர் ஒன்றில் சணல் நூல்போலக் காய்ந்த கொடி தொங்கியது. இலையெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அவர் அந்த நூலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அறுந்துவிடாமல் மெதுவாகக் கீழே போய், அது மண்ணில் இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு முனையில் இரும்பு போட்ட கம்பால் குத்தத் தொடங்கினார். குத்துவார், கையால் மண்ணை அள்ளி வெளியே போடுவார், மறுபடி குத்துவார். கிழங்கு நேராகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, மண் ஒட்டிய பழுப்பு நிறக் கிழங்கை முறியாமல் எடுத்தார். எடுத்த கையோடு, கிழங்கின் தலைப்பக்கத்தை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, திரும்பக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். "அடுத்த மழைக்கு மறுபடி கொடி வரும்" என்றார். அந்த ஒரு கிழங்கைத் தோண்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

உங்கள் மாமியாரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். இந்தக் கொடி கோடையில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஆனால் ஆள் மண்ணுக்கடியில் உயிரோடு இருப்பாள். அடுத்த மழைக்குத் தானே எழுந்து வருவாள்.

குழியைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், பெயர் பிறந்த கதையே அங்கேதான் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தின் கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணப் படலம். தொண்டை நாட்டில் மேற்பாடிக்குப் பக்கத்து மலையில் ஒரு முனிவர் தவம் செய்கிறார். அவர் கண்ணில் ஒரு மான் படுகிறது. அந்தப் பார்வையிலேயே மான் சூல் கொள்கிறது. குறப்பெண்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்துவிட்டுப் போன குழி ஒன்று மலையில் கிடக்கிறது. அந்தக் குழியில் மான் குட்டி ஈனுகிறது. பிறந்தது மான்குட்டி இல்லை, பெண் குழந்தை. மிரண்ட மான் விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. குழந்தையின் அழுகுரல் கேட்டு, பெண் பிள்ளையில்லாத வேடர் தலைவன் நம்பி மனைவியோடு வந்து பார்த்து, அள்ளி எடுத்துக்கொண்டு சிறுகுடிக்குப் போகிறான். வள்ளிக் குழியில் கிடைத்த பிள்ளை, அதனால் வள்ளி.

இதற்கு மேல் ஒரு விளக்கம் தேவையில்லை. ஆற்றில் கிடைத்த பிள்ளைக்கு ஆற்றின் பெயர், வயலில் கிடைத்த பிள்ளைக்கு மண்ணின் பெயர் என்று வைப்பதுபோல, கண்டெடுத்தவன் கண்டெடுத்த இடத்தின் பெயரை வைத்துவிட்டான். சாதகம் பார்க்கவில்லை, எழுத்து எண்ணவில்லை. குறவர்கள் பிழைப்புக்காகத் தோண்டிய குழி அது. நாள் முழுக்க அவர்கள் வாயில் புழங்கிய சொல் அது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதைதான், இருந்தாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பெண் வளர்ந்ததும் குறவர் வழக்கப்படி தினைப்புனம் காக்க அனுப்புகிறார்கள். பரண்மேல் நின்று கவண்கல் வீசி, 'ஆலோலம்' பாடிக் கிளி விரட்டுகிறாள். நாரதர் திருத்தணிகைக்குப் போய் முருகனிடம் சொல்ல, அவன் வேடன் உருவில் வருகிறான். பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நம்பி ஆட்களோடு வந்துவிடுகிறான். சட்டென்று முருகன் வேங்கை மரமாகி நிற்கிறான். "நேற்று வரை இல்லாத மரம் இன்று எப்படி வந்தது?" என்று வேடர்கள் வெட்டப் பார்க்கிறார்கள். நம்பி தடுத்துவிடுகிறான். மகளுக்கு நிழலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறான். அந்த அப்பனை எனக்கு மிகவும் பிடிக்கும். சந்தேகத்தையும் விழுங்கிக்கொண்டு, பிள்ளை வெயிலில் நிற்கிறாளே என்று பார்த்தவன் அவன்.

அடுத்து முருகன் கிழவனாக வருகிறான். பசி என்கிறான், தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். விக்கல் என்கிறான், தண்ணீர் காட்டுகிறாள். அப்புறம் அண்ணன் விநாயகனை நினைக்க, யானை வந்து நிற்க, அவள் பயந்து கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். பின்னால் தினை அறுத்து முடிந்ததும் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அவள் மெலிகிறாள். எதனால் என்று அறிய முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாடுகிறார்கள். ஒரு நள்ளிரவில் தோழி துணையோடு அவள் முருகனுடன் கிளம்பிவிடுகிறாள்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு மகிழ்ச்சி உண்டு. தினைப்புனக் காவல், புதியவனாக வந்து பேச்சுக் கொடுத்தல், தோழி, வீட்டுக்குள் அடைத்து வைக்கும் இற்செறிப்பு, வெறியாட்டு, உடன்போக்கு: பழைய அகப்பாட்டுகளின் துறைகள் வரிசையாக இருக்கின்றன. வேங்கை மரம்கூடச் சும்மா வரவில்லை. குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம் வந்தது என்று அர்த்தம். மணம் முடிக்கும் காலமும் அதுதான். புராணம் சொல்ல வந்த புலவர் நம் பழைய காதல் பாட்டுகளையே எடுத்து ஒரு தெய்வத்தின் வாழ்க்கையாகக் கட்டிவிட்டார்.

கந்தபுராணத்தில் முற்பிறவிக் கதை ஒன்றும் உண்டு. திருமாலுக்கு அமுதவல்லி, சுந்தரவல்லி என்று இரண்டு மகள்கள். இருவரும் முருகனை மணக்கத் தவம் இருக்கிறார்கள். மூத்தவள் இந்திரன் மகளாகத் தெய்வயானை என்று வளர்கிறாள். இளையவள் வள்ளியாகப் பிறக்கிறாள். முனிவராக இருந்தவர் திருமால், மானாக இருந்தவள் திருமகள். இப்படிச் சொன்னதும் வள்ளி முருகனுக்குத் தாய்மாமன் மகளாகி, முறைப்பெண் ஆகிவிடுகிறாள். காட்டுப் பெண்ணுக்கும் பெரிய கோயிலுக்கும் பின்னாளில் கட்டிய உறவுப் பாலம் இது என்பது என் எண்ணம். அழகான பாலம்தான். ஆனால் சங்கப் பாடல்களில் மானும் இல்லை, முனிவரும் இல்லை, முற்பிறவியும் இல்லை. அங்கே அவள் குறவர் மகள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தப் பழைய பாடல்களுக்கு வருகிறேன், ஏனென்றால் 'இளைய தாரம்' என்ற பேச்சுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. நற்றிணை 82ஆம் பாட்டில் ஒரு காதலன் தன் காதலியிடம், "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" உன் உருவம் என் கண்ணைக் கூச வைக்கிறது என்கிறான். முருகனோடு சேர்ந்து நடந்துபோன வள்ளியை அவன் ஒப்புமைக்கு எடுக்கிறான் என்றால், கேட்கிற பெண்ணுக்கும் பாட்டைக் கேட்கிற ஊருக்கும் அந்தக் கதை ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்? திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஆறு முகங்களும் ஒவ்வொரு வேலை செய்கின்றன. உலக இருளை நீக்க ஒரு முகம், வரம் கொடுக்க ஒரு முகம், வேள்வி காக்க ஒரு முகம் என்று போய், கடைசியில் ஒரு முகம் "குறவர் மடமகள், கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு நகையமர்ந்தன்றே" என்று முடிகிறது. ஆறில் ஒரு முகம் வள்ளியோடு சிரிப்பதற்கென்றே இருக்கிறது.

பரிபாடலில் ஒரு வரி இந்தப் பெயரை வைக்கப் போகிறவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். 14ஆம் பாடல் முருகனை "நறுமலர் வள்ளிப்பூ நயந்தோயே" என்று கூப்பிடுகிறது. மணமுள்ள மலரான வள்ளிப்பூவை விரும்பியவனே என்று பொருள். பூவைச் சொல்கிறாரா, பெண்ணைச் சொல்கிறாரா? பிரிக்க முடியாது. கொடியும் பெண்ணும் ஒரே சொல்லுக்குள் இருப்பது அந்தப் புலவருக்கே இனித்திருக்கிறது.

9ஆம் பாடல் இன்னும் துணிச்சலானது. திருப்பரங்குன்றத்தில் தேவசேனையின் பக்கமும் வள்ளியின் பக்கமும் ஊடலும் சண்டையுமாகக் கிடக்கின்றன. அவர்களின் மயில்களும் கிளிகளும்கூட மோதிக்கொள்கின்றன. அந்தப் பாட்டில் புலவர் நான்மறை வல்ல புலவர்களையே விளித்து, கேளுங்கள் என்று சொல்லி, "காதற் காமம் காமத்துச் சிறந்தது" என்கிறார். இருவர் விருப்பமும் ஒத்து அமைவதே சிறந்தது என்பது அவர் வாதம். களவுக் காதலின் பெருமையை நிலைநாட்ட அவர் கையில் எடுத்த சான்று வள்ளி. தேவசேனையைச் சூரனை வென்ற பிறகு இந்திரன் மகிழ்ந்து கொடுத்தான். வள்ளியை யாரும் கொடுக்கவில்லை. அவன் தேடி வந்தான், வேடம் போட்டான், மரமாக நின்றான், அவளும் மனம் ஒத்தாள். இதில் மூத்ததும் இளையதும் எங்கே வந்தது? கோயிலில் போய்ப் பாருங்கள், முருகனுக்கு வலப்பக்கம் நிற்பவள் வள்ளி. சைவ நூல்கள் அவளை இச்சா சக்தி என்கின்றன, விருப்பத்தின் வடிவம்.

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர். கந்தரனுபூதியில் முருகனை அவர் எப்படி விளிக்கிறார் தெரியுமா? "பணியா என வள்ளி பதம் பணியும் தணியா அதிமோக தயாபரனே." என்ன பணி செய்ய வேண்டும் என்று கேட்டு வள்ளியின் பாதம் பணிகிறவன். தேவர்களின் படைத் தலைவன் தினை காத்த பெண்ணின் காலில் விழுவதை எந்தக் கூச்சமும் இல்லாமல் பாடுகிறார். 'குறத்தி பெயரா?' என்று முகம் சுளிப்பவர்கள் யாராவது உங்கள் சுற்றத்தில் இருந்தால், இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

இன்னொரு இடமும் இருக்கிறது, எனக்கு நெஞ்சை அடைக்கும் இடம். சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையில், மதுரை எரிந்த பிறகு கண்ணகி மலையேறி வேங்கை மரத்தடியில் வந்து நிற்கிறாள். ஒரு மார்பை இழந்த கோலம். குறவர் பெண்கள் பார்த்துவிட்டு, "மலைவேங்கை நறுநிழலின் வள்ளிபோல்வீர்" என்று அழைத்து, எங்கள் மனம் நடுங்க இப்படி வந்து நிற்கிறீர்களே, யார் நீங்கள் என்று கேட்கிறார்கள். முன்பின் அறியாத ஒருத்தியை, அந்தக் கோலத்தில் பார்த்ததும், அந்த மலைப்பெண்கள் வாயில் வந்த பெயர் வள்ளி. தங்களுக்குத் தெரிந்த பெண்களில் மிக உயர்ந்தவளின் பெயரைச் சொல்லித்தான் அவளை வரவேற்றார்கள்.

இனி வல்லி. கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம், அவர் சொல்வதற்கும் ஒரு அடிப்படை உண்டு. வடமொழியிலும் வல்லி என்றால் கொடி. செண்பகவல்லி, கற்பகவல்லி, கோமளவல்லி, அமிர்தவல்லி என்று அம்மன் பெயர்களின் கடைசியில் வருவது அந்த வல்லி. கோவில்பட்டிக்காரர்கள் செண்பகவல்லி அம்மனைச் சொன்னால் அது மேல்நோக்கு லகரம்தான். ஆனால் நம் வள்ளி வேறு எழுத்து, வேறு வழி. தமிழில் வளைதலைக் குறிக்கும் 'வள்' என்ற வேரோடு சேர்ந்தது அது; வளை, வளையல், வளையம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். சுற்றி வளைந்து ஏறும் கொடிக்கு அந்தப் பெயர் வந்ததில் வியப்பில்லை. கன்னடத்திலும் மலையாளத்திலும் அந்த ளகரம் மாறாமல் இருப்பதைப் பாருங்கள்.

தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கிறது. புறத்திணையியலில் 'வாடா வள்ளி' என்று ஒன்று வருகிறது. வள்ளிக்கூத்து என்ற ஆடலை அது குறிக்கும் என்று உரை சொல்கிறார்கள். கூத்தை ஏன் 'வாடாத வள்ளி' என்று சொல்ல வேண்டும்? சும்மா வள்ளி என்றால் கேட்பவர்கள் காட்டில் வாடிப்போகிற கொடியை நினைத்துக்கொள்வார்கள். அதனால் 'வாடா' என்று முன்னால் வைத்து, இது வேறு வள்ளி என்று காட்டியிருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் அதே 'வாடா வள்ளி' உண்டு. அதே தொல்காப்பியத்தில் "கொடிநிலை கந்தழி வள்ளி" என்று கடவுள் வாழ்த்தோடு சேர்த்து எண்ணும் இடத்தில், வள்ளி என்பதற்கு நிலவு என்று பொருள் சொல்கிறார் நச்சினார்க்கினியர். கொடி, கிழங்கு, கூத்து, நிலவு, பெண். மூன்று எழுத்துக்குள் இவ்வளவும் இருக்கும்போது வடக்கே போய் எதைத் தேட வேண்டும்?

கதை எந்த மலையில் நடந்தது என்று கேட்டால் மூன்று இடத்துக்காரர்களும் எங்கள் ஊர்தான் என்பார்கள். வேலூர் மாவட்டத்து வள்ளிமலைக்குக் கந்தபுராணமே சாட்சி. மேற்பாடி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மலையில் சமணர் குகைச் சிற்பங்களும் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துக் கன்னடக் கல்வெட்டும் உண்டு. பல சமயத்தாரும் வந்து தங்கிய மலை அது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வேளிமலைக் குமாரகோயிலில் முருகன் பக்கத்தில் வள்ளி மட்டும்தான். பங்குனித் திருக்கல்யாணத்தில் 'குறவர் படுகளம்' என்று ஒரு நிகழ்ச்சி நடக்கும்: பெண்ணைக் கொண்டுபோகிறவனைப் பெண் வீட்டார் மறித்துச் சண்டை போடுவார்கள். கந்தபுராணத்தில் அந்தச் சண்டையில் விழுந்த வேடர்களை எழுப்புகிறவள் வள்ளியே. முருகன் சொல்ல, அவள் எழுங்கள் என்கிறாள், அப்பனும் அண்ணன்மாரும் தூங்கி விழித்தவர்கள்போல எழுந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் முறைப்படி கல்யாணம்.

மூன்றாவது இலங்கையின் கதிர்காமம். அங்கே வள்ளி வேடர் மகள். இன்றும் அந்தத் தீவின் வேடர் குடியினர் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே சொந்தம் கொண்டாடுகிறார்கள். ஆடி மாதத்தை ஒட்டி வரும் திருவிழாவில் இரவுதோறும் யானைமேல் பேழை ஏறி, கந்தன் கோயிலிலிருந்து நேரெதிரே இருக்கும் வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்வரும். திருவிழாவே அவன் அவளைப் பார்க்கப் போவதுதான். சிங்களவர், தமிழர், வேடர் எல்லாரும் கூடி நின்று கும்பிடும் பயணம் அது.

கொங்கு நாட்டில் வள்ளி கும்மி என்றே ஒரு கலை இருக்கிறது. வள்ளி பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை பாடிக்கொண்டே அடிப்பார்கள். முன்பு ஆண்களே ஆடியதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவைப் பக்கத்துக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது கல்யாண மண்டபத்திலும் கோயில் வாசலிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் வட்டம் கட்டி ஆடுகிறார்கள். வள்ளியின் கதை வள்ளிகளின் வாய்க்கே வந்து சேர்ந்துவிட்டது.

பெயர் தாங்கியவர்களில் ஒருவரையாவது சொல்ல வேண்டும். தில்லையாடி வள்ளியம்மை. பெற்றோரின் பூர்வீகம் தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடி. அவர் பிறந்தது 1898 பிப்ரவரி 22, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில். 1913இல் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் அம்மாவோடு சேர்ந்து நடந்து, மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல் தண்டனை அனுபவித்து, காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22, பதினாறு வயது நிறையும் அதே நாளில் இறந்துபோனார். தமிழ்நாட்டைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளை. கடல் தாண்டிக் கூலிக்கும் வியாபாரத்துக்கும் போன குடும்பங்கள், அங்கே பிறந்த பெண்ணுக்கு வைக்க இந்தப் பெயரைத்தான் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. பற்றிக்கொண்டு நிற்பாள் என்று மாமியார் மறுபடி சொன்னால் இந்தப் பெண்ணின் படத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக, எந்த வடிவத்தில் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அந்தப் பேச்சு வரும். வள்ளியம்மாள், வள்ளியம்மை, வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு எல்லாம் ஒரே வேரின் கிளைகள். ஆண்களில் வள்ளியப்பன், வள்ளிநாயகம் என்று அவள் பெயரால் அறியப்படுகிறவர்கள் ஏராளம். இப்போது 'ஸ்ரீவள்ளி' என்று முன்னால் ஒரு ஸ்ரீ சேர்க்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. தவறில்லை, ஆனால் என்னைக் கேட்டால் வெறும் வள்ளி போதும். நம்பி வைத்தது அவ்வளவுதான். எழுதும்போது இரண்டு இடத்திலும் பொது ளகரம் ('ள') வருகிறதா என்று மட்டும் நின்று சரிபார்த்துவிட்டு வாருங்கள். 'வல்லி' என்று அச்சாகிவிட்டால் பின்னால் ஆதார், பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

பெயர் சூட்டும் அன்று வருகிறவர்களுக்குத் தேனும் தினைமாவும் கொடுங்கள். தினை அரிசியை வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, ஆறவைத்து, நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். ஒரு கப் மாவுக்கு ஏலக்காய் இரண்டு, துளி நெய், உருட்டப் பிடிக்கும் அளவுக்குத் தேன். அடுப்பே வேண்டாம், கையால் பிசைந்து உருட்டினால் முடிந்தது. பிள்ளைக்கு வேண்டாம், ஒரு வயது வரை தேன் ஆகாது. முதல் உருண்டையை மாமியார் கையில் கொடுங்கள்.